முதலில் பல், கடைசியில் தலைக்குளியல்: மனச்சோர்வில் உடல் சுத்தம் பற்றிய நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் வரும் பெண் தனி ஒருவர் அல்லர். மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெறுபவர்களிடம் அடிக்கடி காணப்படும் நிலைகளைச் சேர்த்து எழுதிய மாதிரி நிகழ்வு இது. சிகிச்சை முறைகளும் அளவுகளும் நடைமுறையில் உள்ளவை. மருந்துகளை மட்டும் அவரவர் மருத்துவர் எழுதித் தந்தபடியே எடுக்க வேண்டும்.

வந்தபோது இருந்த நிலை

வயது 31. வணிகவியல் பட்டதாரி, கணக்காளர் வேலையை விட்டுவிட்டுக் கும்பகோணத்தில் பெற்றோர் வீட்டில் இருக்கிறார். நான்கு மாதங்களாகத் தூக்கம் கெட்டிருக்கிறது. அதிகாலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடும், அதன்பின் எழவும் முடியாது, தூங்கவும் முடியாது. எதிலும் பிடிப்பில்லை. எடை கூடியிருக்கிறது. அம்மா அழைத்து வந்ததற்குச் சொன்ன காரணம் இவற்றில் எதுவும் இல்லை. "பத்து நாளா குளிக்கல டாக்டர். சொல்லிச் சொல்லி வாய் ஓஞ்சு போச்சு. இந்த வீட்டுல இப்படி ஒருத்தி இருந்ததே இல்ல."

மனச்சோர்வை அளவிட உலகெங்கும் பயன்படும் பிஎச்க்யூ-9 வினாத்தாளில் இவருக்கு 27-க்கு 19 வந்தது. 15 முதல் 19 வரை ஓரளவு கடுமையான நிலை, 20-உம் அதற்கு மேலும் கடுமையான நிலை. தூக்கம், பசி, களைப்பு, கவனம், சாகும் எண்ணம் எல்லாவற்றையும் விசாரிக்கிற அந்த ஒன்பது கேள்விகளில் குளித்தீர்களா, பல் தேய்த்தீர்களா என்று ஒன்றுகூட இல்லை. கேட்காவிட்டால் நோயாளி தானாகச் சொல்லமாட்டார். வெட்கம் வாயைக் கட்டிவிடும். அதனால் இதைத் தனியே கேட்க வேண்டும், கேட்கிற விதத்திலும் கவனம் வேண்டும். "கடைசியா எப்ப குளிச்சீங்க?" என்றால் அது விசாரணை. "இந்த நோய் வந்தா நிறையப் பேருக்குப் பல் தேய்க்கிறது, குளிக்கிறது, தலை வாருறதெல்லாம் மலையாத் தெரியும். உங்களுக்கு இதுல எது ரொம்பக் கஷ்டமா இருக்கு?" என்று கேட்டபோதுதான் இவர் முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தார். "தலை" என்றார். அதற்கு மேல் அன்று பேசவில்லை.

அடுத்தடுத்த சந்திப்புகளில் முழுப் படமும் கிடைத்தது. குளியல் ஒன்பது பத்து நாளுக்கு ஒருமுறை. பல் தேய்ப்பது வாரத்துக்கு இரண்டு முறை, அதுவும் காலையில் மட்டும். ஈறில் ரத்தம் வருகிறது. அதைப் பார்த்துப் பயந்தே பல் தேய்ப்பதைக் குறைத்திருக்கிறார். மூன்று வாரமாக வாராத இடுப்பளவுக் கூந்தல் பிடரியில் உள்ளங்கை அகலத்துக்குச் சிக்குப் பிடித்துக் கட்டியாகியிருக்கிறது. தொடை இடுக்கில் படர்தாமரை. மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய, குளோபெடசால் என்ற ஸ்டீராய்டு கலந்த கிரீமை இரண்டு மாதமாகத் தடவி வருகிறார். மாதவிடாய் நாட்களில் ஒரே நாப்கினை நாள் முழுவதும் வைத்திருப்பதால் புண்.

ரத்தப் பரிசோதனையில் தைராய்டும் சர்க்கரையும் சரியாக இருந்தன. ஹீமோகுளோபின் 9.4, அதாவது ரத்தசோகை. மனச்சோர்வு என்று முடிவு கட்டிய பிறகு இந்தப் பரிசோதனைகள் எதற்கு என்று சிலர் நினைப்பதுண்டு. ரத்தசோகையும் தைராய்டுக் குறைவும் தரும் அசதி, மனச்சோர்வின் அசதியோடு கலந்துவிடும். அதைக் கண்டுகொள்ளாமல் விட்டால் எழுந்து குளிக்க முடியாததற்கான பாதிக் காரணம் அப்படியே உடம்பில் தங்கிவிடும். இரும்புச்சத்து மாத்திரை தொடங்கப்பட்டது. டீ, காபியோடு சேர்த்து விழுங்கக் கூடாது, ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும் என்றும் சொல்லப்பட்டது. மனநல மருத்துவர் மனச்சோர்வுக்கான எசிடலோபிராம் மாத்திரையை முதல் வாரம் 5 மி.கி., பிறகு 10 மி.கி. என்று எழுதினார்.

குளியல் எங்கே அறுபடுகிறது

குளிப்பது வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு ஒரே வேலை. உண்மையில் அது பதினைந்து இருபது சிறு வேலைகளின் சங்கிலி. எழுந்து உட்கார வேண்டும், துண்டு தேட வேண்டும், மாற்றுத்துணி எடுக்க வேண்டும், தண்ணீர் சுட வைக்க வேண்டும், காத்திருக்க வேண்டும், துணியைக் களைய வேண்டும், முதல் சொம்பு உடம்பில் படும் அதிர்ச்சியைத் தாங்க வேண்டும், சோப்பு, தலை, துவட்டல், உடுத்தல், ஈரத்துணியைக் காயப்போடுதல் என்று அது நீள்கிறது. மனச்சோர்வு முதலில் கைவைப்பது ஒன்றை முடித்து அடுத்ததைத் தொடங்கும் திறனில்தான். வேலைகளை வரிசைப்படுத்தி நடத்தும் மூளையின் பகுதிகள் மந்தமாகிவிடுகின்றன. முடித்தால் கிடைக்க வேண்டிய நிம்மதியும் கிடைப்பதில்லை. குளித்துவிட்டு வந்தாலும் "அப்பாடா" என்று தோன்றாது. பலன் உணரப்படாத வேலையை மனம் மறுபடி தேடிப் போகாது. சோம்பேறி என்ற பட்டம் இந்த இடத்தில் வைத்தியத்தையே திசை திருப்பிவிடும். இவர் சோம்பேறி இல்லை, ஒவ்வொரு கண்ணிக்கும் தனியாகத் தன்னைத் தள்ள வேண்டியிருக்கிறது.

எல்லோருக்கும் சங்கிலி ஒரே இடத்தில் அறுவதில்லை. ஆகவே 'தினமும் குளிங்க' என்ற அறிவுரையை ஒதுக்கிவிட்டு, கடைசியாகக் குளிக்க முயன்று கைவிட்ட நாளை அடி அடியாகச் சொல்லச் சொன்னோம். அந்த வீட்டில் வாளியில் போடும் வாட்டர் ஹீட்டர் ராடுதான். 1000 வாட். ஒரு முழு வாளி, அதாவது 18 லிட்டர் தண்ணீர் நன்றாகச் சுட ஏறக்குறைய 25 நிமிடம் ஆகும். ராடைப் போட்டுவிட்டுக் கட்டிலில் சாய்வார். அவ்வளவுதான், பிறகு எழ முடியாது. ராடு ஓடிக்கொண்டே இருக்கும், அம்மா வந்து அணைப்பார், வார்த்தைகள் தடிக்கும். இது முதல் அறுப்பு.

இரண்டாவது அறுப்பு பீரோ. எடை கூடியதால் பழைய சுடிதார்கள் இறுக்கம். பீரோவைத் திறந்தாலே அது நினைவுக்கு வந்து மூடிவிடுவார்.

மூன்றாவதை அவரே பிற்பாடுதான் உணர்ந்தார். அந்த வீட்டில் பல நாள் கழித்துக் குளித்தால் தலைக்கு ஊற்றித்தான் ஆக வேண்டும். தலைக்கு ஊற்றினால் அந்தக் கூந்தல் காய மூன்று மணி நேரம். ஈரத்தலையோடு படுத்தால் அம்மா விடமாட்டார், "சளி பிடிச்சுக்கும், எந்திரி." ஆக, குளியல் என்றால் சிக்கோடு போராட்டமும் மூன்று மணி நேரம் உட்கார்ந்தே இருப்பதும் சேர்ந்துதான். இதைக் கேட்டபோது இவர் பத்து நாளுக்கு ஒருமுறையாவது குளித்தது பெரிய முயற்சி என்பது புரிந்தது.

எதை முதலில் காப்பாற்றுவது

இந்த நிகழ்வில் நாங்கள் அழுத்தமாகச் சொல்ல விரும்புவது இதைத்தான்: உடல் சுத்தத்தை ஊர் பேசும் வரிசையில் மீட்கப் போகக் கூடாது, உடம்பு கெடும் வரிசையில் மீட்க வேண்டும். வீட்டுச் சண்டை எப்போதும் குளியலைச் சுற்றியே நடக்கும். ஆனால் பத்து நாள் குளிக்காத தோல் ஒரு குளியலில் தேறிவிடும். ஆறு மாதம் இரவில் தேய்க்காத பல் தேறாது. சொத்தையான பல் வளர்ந்து மூடிக்கொள்வதில்லை. எனவே பல் முதலிடம். அடுத்து தோல் மடியும் இடங்கள்: அக்குள், மார்பின் கீழ்ப்பகுதி, தொடை இடுக்கு, கால்விரல் இடுக்கு. நம் ஊர்ப் புழுக்கத்தில் இந்த மடிப்புகளில்தான் பூஞ்சை பிடிக்கும். மூன்றாவது உள்ளாடை மாற்றமும் மாதவிடாய்ச் சுத்தமும். முழு உடம்புக் குளியல் அதற்குப் பிறகு. தலைக்குளியல் கடைசி.

அம்மாவுக்கு இந்த வரிசை பிடிக்கவில்லை. "தலைக்கு ஊத்தாம என்ன சுத்தம்?" என்றார். அவர் கேட்டது நியாயமான கேள்விதான், வளர்ந்த முறை அப்படி. பல் மருத்துவர் வாயைத் திறந்து காட்டிய இரண்டு சொத்தைகளைப் பார்த்த பிறகே அவர் ஒத்துக்கொண்டார்.

கட்டிலருகே ஒரு கூடை

மூன்று விதமான நாட்கள் உண்டு என்று பேசி முடிவானது. எழவே முடியாத நாள், உட்கார முடிகிற நாள், எழுந்து நடமாட முடிகிற நாள். எந்த நாளில் எந்தத் திட்டம் என்பதைக் காலையில் அவரே சொல்வார், வேறு யாரும் முடிவு செய்யக் கூடாது.

எழ முடியாத நாளுக்காகக் கட்டிலுக்குக் கையெட்டும் தூரத்தில் ஒரு பிளாஸ்டிக் கூடை வைக்கப்பட்டது. அதில் மென்மையான பிரஷ், ஃப்ளோரைடு பேஸ்ட், ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில், துப்புவதற்கு மூடியுள்ள டப்பா, கைக்குட்டை அளவில் ஆறு பருத்தித் துணிகள், ஏழு உள்ளாடைகள், மூன்று பருத்தி நைட்டிகள், நாப்கின் பாக்கெட், பழைய செய்தித்தாள், குப்பைக்கு ஒரு கவர், அகலப் பல் சீப்பு. பழைய சுடிதார்கள் பீரோவின் மேல்தட்டுக்குப் போயின. புதிதாக வாங்கிய தளர்வான நைட்டிகள் மூன்றும் கூடைக்கு வந்ததால் பீரோவைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போனது. இரண்டாவது அறுப்பு இதோடு தீர்ந்தது.

பல் தேய்க்கும் நேரமாக, படுக்கப் போகும் இரவு பத்து மணிக்குப் பதில் மாலை ஏழு குறிக்கப்பட்டது. இரவில் உமிழ்நீர் சுரப்பு குறைவதால் சொத்தைக் கிருமிகள் தடையின்றி அமிலம் சுரக்கும், ஆகவே ஒருமுறைதான் தேய்க்க முடியும் என்றால் அது இரவு உணவுக்குப் பிறகாகவே இருக்க வேண்டும். ஆனால் பத்து மணிக்கு இவரிடம் தெம்பு மிச்சமிருக்காது. அதனால் ஆறரைக்குச் சாப்பாடு, ஏழுக்குத் தேய்ப்பது, அதன்பின் தண்ணீர் தவிர வேறெதுவும் இல்லை என்று மாறியது. பட்டாணி அளவு பேஸ்ட், இரண்டு நிமிடம், நுரையைத் துப்பினால் போதும். வாய் கொப்பளிக்காமல் விடுவது உண்மையில் நல்லது, ஃப்ளோரைடு பல்லில் தங்கும். எழுந்து வாஷ்பேசின் வரை போக முடியாதவருக்கு இந்த ஒரு தகவலே பெரிய விடுதலை. கட்டிலில் உட்கார்ந்தபடி தேய்த்து டப்பாவில் துப்பலாம். இரண்டு நிமிடம் முடியாத நாளில் பேஸ்ட் இல்லாமல் வெறும் பிரஷால் முப்பது வினாடி தேய்த்தாலும் படிந்த அழுக்கு கலைகிறது.

ஈறில் ரத்தம் வருவது தேய்ப்பதை நிறுத்தச் சொல்லும் அறிகுறி என்று பலரும் எண்ணுகிறார்கள். நேர்மாறு. படிந்த கிருமிகளால் ஈறு வீங்குவதால்தான் ரத்தம் வருகிறது. மென்மையாகத் தொடர்ந்து தேய்த்தால் ஒன்றிரண்டு வாரத்தில் குறையும், குறையாவிட்டால் பல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். இவருக்குப் பல் மருத்துவர் பற்களைச் சுத்தம் செய்துவிட்டு 0.2 சதவீதக் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினித் திரவத்தை 10 மி.லி. வீதம், முப்பது வினாடி, தினம் இருமுறை கொப்பளிக்க இரண்டு வாரத்துக்கு எழுதினார். பேஸ்ட் போட்ட உடனே இதை ஊற்றினால் பேஸ்டில் உள்ள நுரைப்பொருள் மருந்தைச் செயலிழக்கச் செய்துவிடும். குறைந்தது அரை மணி நேர இடைவெளி வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் நீட்டினால் பல்லில் பழுப்புக் கறை படியும்.

உடம்பைத் துடைக்க வெட் வைப்ஸ் வாங்கலாமா என்று கேட்டார்கள். அவசரத்துக்குச் சரி. ஆனால் வாசனைப் பொருளும் சில வகைகளில் ஆல்கஹாலும் இருப்பதால் ஏற்கெனவே புண்ணான மடிப்புகளில் எரியும், விலையும் கட்டுப்படியாகாது. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த பருத்தித் துணி போதும். வரிசை முக்கியம். முகம், அக்குள், மார்பின் கீழ், கால்விரல் இடுக்கு, கடைசியில் வேறு துணியால் தொடை இடுக்கும் பிறப்புறுப்பும். அங்கே முன்னிருந்து பின்னோக்கித்தான் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் மலக்கிருமி சிறுநீர்ப் பாதைக்குப் போகும். துடைத்தபின் உலர்ந்த துணியால் ஒற்றி எடுப்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஈரம் தங்கிய மடிப்பு, துடைக்காத மடிப்பைவிடச் சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும். எல்லாம் சேர்த்து நான்கு நிமிடம்.

படர்தாமரைக்குக் கடை கிரீமை நிறுத்தியாக வேண்டியிருந்தது. ஸ்டீராய்டு அரிப்பையும் சிவப்பையும் அமுக்கிவிடும், பூஞ்சை அடியில் பரவிக்கொண்டே இருக்கும். இந்தியாவில் சாதாரண மருந்துக்கு மசியாத படர்தாமரை இன்று பெருகியிருப்பதற்கு இந்தக் கலவைக் கிரீம்களும் ஒரு காரணம். நிறுத்திய முதல் சில நாட்களில் சிவப்பு கூடும், அதைக் கண்டு மறுபடி பழைய கிரீமுக்கு ஓடக் கூடாது என்பதைத் தோல் மருத்துவர் முன்கூட்டியே சொல்லிவைத்தார். புதிய மருந்தை வளையத்தின் விளிம்பைத் தாண்டி இரண்டு சென்டிமீட்டர் வரை தடவி, தோல் தெளிந்த பிறகும் இரண்டு வாரம் தொடர வேண்டும். துண்டு தனி. உள்ளாடையை உட்புறம் வெளியே திருப்பி வெயிலில் காயவைக்க வேண்டும்.

நாப்கினை நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மொபைலில் அலாரம் வைத்துப் பார்த்தார்கள். அலாரத்தை அணைத்துவிட்டுப் படுத்துக்கொள்வார். ஏற்கெனவே எழுகிற நேரத்தோடு இணைத்தபோது நடந்தது. ஒரு தடவை விட்டு ஒரு தடவை சிறுநீர் கழிக்கப் போகும்போது மாற்றுவது, அதற்கு வசதியாகக் குளியலறைக் கதவின் உட்புற ஆணியில் ஒரு பையில் நாப்கினும் செய்தித்தாளும் தொங்கவிடுவது.

ஏழு லிட்டர் குளியல்

உட்கார முடிகிற நாளுக்கான குளியலில் தலை கிடையாது. உடம்புக் குளியலும் தலைக்குளியலும் வேறு வேறு வேலைகள் என்று பிரித்ததுதான் இந்த நிகழ்வில் அதிகப் பலன் தந்த மாற்றம்.

ராடுக்குப் பதிலாக ஒன்றரை லிட்டர் எலக்ட்ரிக் கெட்டில் வாங்கினார்கள். 1500 வாட் கெட்டில் ஐந்தாறு நிமிடத்தில் கொதிக்கவைத்துத் தானாக அணைந்துவிடும். வாளியில் முதலில் ஐந்தரை லிட்டர் குழாய்த் தண்ணீர், அதன்மேல் ஒன்றரை லிட்டர் கொதிநீர். நம் ஊர் வெப்பநிலையில் இந்தக் கலவை ஏறக்குறைய 42 டிகிரி வரும், சொம்பில் மொண்டு ஊற்றுவதற்குள் இதமாகிவிடும். குளிர்ந்த நீர் முதலில், சுடுநீர் அடுத்து என்ற வரிசை மாறக் கூடாது. கவனம் சிதறும் நிலையில் இருப்பவர் வெறும் கொதிநீரில் கைவிட்டுவிடக்கூடும். முழங்கை மடிப்பால் சூடு பார்த்த பிறகே ஊற்ற வேண்டும். கெட்டிலைத் தூக்கி ஊற்றுவது அம்மாவின் வேலை. ராடை விட்டதற்கு நேரம் மட்டும் காரணம் அல்ல. சுவிட்சை அணைக்காமல் தண்ணீரில் கைவைத்தால் உயிர் போகும், சுட வைத்ததையே மறந்து படுத்துவிடுகிறவர் கையில் அது இருக்கக் கூடாது.

ஏழு லிட்டர் என்பது ஏழு சொம்பு. இரண்டு நனைக்க, ஐந்து அலச. குளியலறையில் பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்று. நாள் முழுக்கப் படுத்திருந்தவர் சட்டென்று நின்றால் ரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றும், வெந்நீர் அதைக் கூட்டும், சில மனநல மருந்துகளும் கூட்டும். உட்கார்ந்தே குளிப்பதால் விழும் பயம் இல்லை, தெம்பும் மிஞ்சுகிறது. முதல் சொம்பைக் காலில் ஊற்றி, பிறகு தொடை, முதுகு என்று மேலேறினால் குளிர் அதிர்ச்சி குறைவு. சோப்பு நான்கு மடிப்புகளுக்கும் பாதங்களுக்கும் போதும், கை கால் முழுவதும் தேய்க்க வேண்டியதில்லை. போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காமல் வெறுப்பேற்றும் வீடுகளில் இது இன்னும் வசதி.

நேரம் மாலை ஐந்து. மனச்சோர்வில் பலருக்குக் காலையில் பாரம் உச்சத்தில் இருந்து மாலையில் சற்றே தளரும், இவருக்கும் அப்படித்தான். விடிகாலையில் எழுந்து குளிக்கச் சொல்வது, நாளின் ஆகக் கடினமான நேரத்தில் ஆகக் கடினமான வேலையைச் சுமத்துவதாகும். "குளிக்காம அடுப்படிக்கு வராதே" என்ற வழக்கம் இருந்த வீடு அது. அம்மா அதைத் தளர்த்தினார். கை, கால், முகம் கழுவிவிட்டு வந்து காபி கலந்துகொள்ளலாம் என்றாயிற்று. சிகிச்சையின் முதல் மாதத்தில் மருந்துக்கு இணையான உதவி அது.

சிக்கு

மொட்டை போட்டுவிடலாம், வேண்டுதல் என்று சொல்லிக்கொள்ளலாம் என்று அத்தை யோசனை சொன்னார். இவரிடம் கேட்டபோது கண் நிறைந்தது. வேண்டாம் என்றார். சம்மதமின்றி வெட்டிய கூந்தல், நோய் தேறிய பிறகும் ஆறாத காயமாகத் தங்கும். பிரிக்கலாம் என்று முடிவானது.

தொடங்கும் முன் பேனும் உச்சியில் புண்ணும் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்க்க வேண்டும், இரண்டும் இல்லை. தண்ணீர் தொடக் கூடாது. நனைந்தால் கட்டி இன்னும் இறுகும். மூன்று மேசைக்கரண்டி தேங்காயெண்ணெயைக் கட்டிக்குள் விரலால் அழுத்தி அழுத்தி ஊறவைத்து அரை மணி நேரம் விட்டார்கள். அண்ணிதான் பிரித்தார். பிற்பகல் மூன்றரைக்கு உட்கார்ந்தார்கள். விளக்கு வைத்த பிறகு தலை வாரக் கூடாது என்ற பேச்சு எழாமலிருக்கவே அந்த நேரம்.

ஒரு கையால் கட்டிக்கும் உச்சிக்கும் நடுவே கூந்தலை இறுகப் பிடித்துக்கொண்டால் இழுக்கும்போது வலி தலைத்தோலுக்குப் போகாது. கட்டியின் அடி நுனியிலிருந்து நாலைந்து முடியை மட்டும் விரலால் பக்கவாட்டில் உருவ வேண்டும். சீப்பு உடனே வேண்டாம். கட்டி புளியங்கொட்டை அளவுச் சிறு கட்டிகளாகப் பிரிந்த பிறகே சீப்பின் வால்முனையை நுழைத்து நெகிழ்த்த வேண்டும். கையில் உதிர்ந்து வந்த முடியைப் பார்த்து இவர் பயந்தார். மூன்று வாரமாக இயல்பாக உதிர்ந்தும் வெளியேறாமல் சிக்கிக் கிடந்த முடிதான் அதில் பெரும்பகுதி. நாளொன்றுக்கு ஐம்பதிலிருந்து நூறு முடி உதிர்வது எல்லோருக்கும் வழக்கம். நாற்பது நிமிடம் ஆனதும் நிறுத்தி, மிச்சத்தை இரண்டு நாள் கழித்து முடித்தார்கள். ஒரே மூச்சில் முடிக்கப் பார்த்தால் பாதியில் ஒருவர் பொறுமையிழந்து கத்தரிக்கோலைக் கையிலெடுப்பார்.

பிரித்த எண்ணெயைத் தலையில் விட்டுவிடக் கூடாது. பொடுகு உண்டாக்கும் பூஞ்சைக்கு எண்ணெய் தீனி. அன்றைக்கே ஷாம்பூ. சீயக்காய் அலச அதிகத் தண்ணீரும் கைத்தெம்பும் கேட்கும், தேறும் வரை சாஷே ஷாம்பூ போதும். அதன்பின் படுக்கப் போகும் முன் தளர்வாக ஒற்றைப் பின்னல். ஐந்தாம் வாரம் அவராகவே கேட்டு, தோளுக்குக் கீழே நான்கு அங்குலம் விட்டு வெட்டிக்கொண்டார். காய இப்போது ஒரு மணி நேரம்.

இடறிய இடங்கள்

மூன்றாம் வாரம் முதன்முறையாக இரண்டு நாள் தொடர்ந்து குளித்தார். அப்பா மகிழ்ச்சியில் திருச்சியில் இருக்கும் அத்தைக்குப் போன் போட்டு, "இன்னைக்கும் குளிச்சுட்டா" என்றார். பக்கத்து அறையில் அது கேட்டது. அடுத்த ஐந்து நாள் குளியல் இல்லை. முப்பத்தொரு வயதுப் பெண்ணுக்குக் குளித்ததற்காகக் கிடைக்கும் பாராட்டு, தான் எவ்வளவு கீழே விழுந்துவிட்டோம் என்பதை அறிவிக்கும் செய்தியாகத்தான் போய்ச் சேரும். திட்டுவதைப் போலவே பூரிப்பதையும் நிறுத்தச் சொன்னோம். குளித்துவிட்டு வந்தால் சாதாரணமாக, "டீ போடட்டுமா?" அவ்வளவு போதும்.

தினசரி நாள்காட்டியில் டிக் அடிக்கும் முறையும் சரிப்படவில்லை. ஒரு நாள் விடுபட்டதும் 'எல்லாம் போச்சு' என்று அந்த வாரத்தையே கைவிட்டார். அதற்குப் பதில் வாரக் கணக்கு வைத்தோம். இந்த வாரம் பல் நான்கு, துடைத்தல் ஐந்து, உடம்புக் குளியல் இரண்டு. எந்த நாளில் என்பது முக்கியமில்லை. ஞாயிறன்று கணக்கு முடியும், பாக்கி அடுத்த வாரத்துக்குப் போகாது. செயல்களைச் சிறு அளவில் முன்கூட்டியே குறித்து, மனநிலை வரும்வரை காத்திராமல் செய்துபார்க்கும் இந்தச் சிகிச்சை முறைக்கு உறுதியான சான்று உண்டு. கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களில், மருத்துவப் பின்னணி இல்லாத ஆலோசகர்கள் ஆறு முதல் எட்டு அமர்வுகளில் இதைக் கொடுத்து நல்ல பலன் கண்ட ஆய்வு 2017-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியானது.

மருந்து தொடங்கிய மூன்றாம் வாரத்தில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டியிருந்தது. உடம்புக்குத் தெம்பு முதலில் திரும்பும், மனம் தெளிய இன்னும் சில வாரம் ஆகும். இந்த இடைவெளியில் சாகும் எண்ணம் உள்ளவர்களுக்கு அதைச் செயல்படுத்தும் தெம்பு வந்துவிடுகிறது. குடும்பம் "குளிக்க ஆரம்பிச்சுட்டா, சரியாயிடுச்சு" என்று கண்காணிப்பைத் தளர்த்துவதும் இதே நேரத்தில்தான். ஆகவே ஒவ்வொரு சந்திப்பிலும் நேரடியாகவே கேட்கப்பட்டது. கேட்பதால் எண்ணம் முளைக்காது. குளியலறைத் தாழ்ப்பாளை வெளியிலிருந்தும் திறக்கும்படி மாற்றினார்கள். பினாயில், ஆசிட் பாட்டில்களை அங்கிருந்து எடுத்தார்கள். இதைச் செய்யும் முன் இவரிடம் காரணம் சொல்லப்பட்டது. மறைத்துச் செய்தால் நம்பிக்கை போய்விடும். சாப்பாடும் தண்ணீரும் நின்றுபோனால், பேச்சு நின்றால், சாகும் திட்டத்தைச் சொன்னால் அடுத்த சந்திப்பு வரை காத்திராமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். இந்தியாவில் எந்நேரமும் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழில் பேசலாம். இலங்கையில் 1926.

எசிடலோபிராம் சிலருக்கு வியர்வையைக் கூட்டும், இவருக்கு இரவில் கூடியது. குளித்தும் நாறுகிறதே என்று மனம் தளர்ந்தார். மருந்தின் விளைவு என்று தெரிந்ததும் அந்தப் பாரம் இறங்கியது. இரண்டு தலையணை உறைகளை மாற்றி மாற்றிப் போடுவதும் பருத்தி நைட்டியும் போதுமானதாக இருந்தன.

பன்னிரண்டாம் வாரம்

பிஎச்க்யூ-9 மதிப்பெண் 8. ஹீமோகுளோபின் 11.2. இரவுப் பல் தேய்ப்பது வாரத்தில் ஐந்து ஆறு நாள். உடம்புக் குளியல் நான்கு நாள். தலைக்குளியல் வெள்ளிக்கிழமை மட்டும். படர்தாமரை தெளிந்துவிட்டது. ஒரு பல்லுக்கு அடைப்பு, இன்னொன்றுக்கு வேர் சிகிச்சை. அந்தப் பல்லை எங்களிடம் வருவதற்கு இரண்டு மாதம் முன்பே பார்த்திருந்தால் அடைப்போடு முடிந்திருக்கும். நான்கு நாள் குளியல் போதாது என்று அப்பாவுக்கு இன்னமும் குறை உண்டு. எங்கள் மதிப்பீட்டில் தோலும் பல்லும் நலமாக இருக்கும்வரை அது அவசரமில்லை.

தேறிய பிறகும் மாத்திரையைக் குறைந்தது ஆறு முதல் ஒன்பது மாதம் தொடர வேண்டும், திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், மின்னல் வெட்டுவதுபோன்ற உணர்வு வரும், நோயும் திரும்பலாம் என்று விளக்கப்பட்டது. நோய் திரும்பினால் எது முதலில் நழுவும் என்பதையும் இவரோடு உட்கார்ந்து எழுதினோம். இவர் விஷயத்தில் முதலில் விடுபட்டது இரவுப் பல் தேய்ப்பு, இரண்டு வாரம் கழித்துத் தலை வாருவது, அதற்கும் பிறகே குளியல். வீட்டார் கண்ணில் பட்டது மூன்றாவதுதான். எனவே ஒரே வாரத்தில் மூன்று இரவுகள் பல் தேய்ப்பது விடுபட்டால் கூடையை மீண்டும் கட்டிலருகே வைத்துக்கொண்டு, முறை நாளுக்குக் காத்திராமல் வருவதாக அவரே எழுதிக் கையெழுத்திட்டார். அந்தத் தாள் அண்ணியிடம் இருக்கிறது. அம்மாவிடம் வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார், அம்மாவும் சரி என்றார்.